மைனர்-மேஜர் செவன்த் கார்டு சரியாக ஒலிக்காதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கிட்டாரில் மற்ற கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டுகளை, பழகும்போது ஒரு விரல் இடம் மாறினால் காது உடனே காட்டிக்கொடுத்துவிடும். மைனர்-மேஜர் செவன்த் கார்டில் அந்த வசதி இல்லை. எல்லா விரல்களும் சரியான இடத்தில் இருந்தாலும் அது இறுக்கமாகவும் முடிவு தெரியாமலும்தான் ஒலிக்கும். ஒரு விரல் தவறியிருந்தாலும் ஏறக்குறைய அதே இறுக்கம் கேட்கும். அதனால் சரியாகப் பிடித்ததை அபசுரம் என்று நினைத்துக் கலைத்துவிடுபவர்களும் உண்டு. தவறாகப் பிடித்ததை இதன் குணமே இதுதான் போலும் என்று ஏற்றுக்கொண்டு மாதக்கணக்கில் வாசிப்பவர்களும் உண்டு. இந்தக் கார்டைப் பொறுத்தவரை பிழையை மொத்த ஒலியில் தேடக்கூடாது. தந்தி தந்தியாகத் தேட வேண்டும்.

தேடுவதற்கு முன் என்ன இருக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆதார சுரம், அதிலிருந்து 3 அரைச்சுரம் மேலே மைனர் தேர்ட், 7 அரைச்சுரம் மேலே ஃபிஃப்த், 11 அரைச்சுரம் மேலே மேஜர் செவன்த் ஆகிய நான்கும்தான் இந்தக் கார்டு. ஏ-யை ஆதாரமாகக் கொண்டால் ஏ, சி, ஈ, ஜி ஷார்ப். கர்நாடக இசை அறிந்தவர்கள் இதைச் சட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், காகலி நிஷாதம் என்று எடுத்துக்கொள்ளலாம். 21ஆவது மேளமான கீரவாணியிலும் 23ஆவது மேளமான கௌரிமனோகரியிலும் இந்த நான்கும் ஒன்றாக வருகின்றன. மேலே உள்ள மூன்றை மட்டும், அதாவது சி, ஈ, ஜி ஷார்ப் என்பவற்றை மட்டும் வாசித்தால், அடுத்தடுத்து 4 அரைச்சுர இடைவெளி கொண்ட ஆக்மென்டெட் கார்டு கிடைக்கும். இந்தக் கார்டின் நிலையின்மைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

இனி வரும் எண்கள் எல்லாம் தடித்த ஆறாம் தந்தியில் தொடங்கி மெல்லிய முதல் தந்தியில் முடியும் ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகள் பிரிக்கும் கட்டம்) எண்கள். 0 என்றால் விரல் வைக்காமல் ஒலிக்கும் திறந்த தந்தி, × என்றால் வாசிக்கக்கூடாத தந்தி. அடிப்படை வடிவங்கள் மூன்று: ஏ-க்கு ×-0-2-1-1-0, ஈ-க்கு 0-2-1-0-0-0, டி-க்கு ×-×-0-2-2-1. இவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தெரிந்த மைனர் கார்டைப் பிடித்து, பேஸில், அதாவது அடித் தந்தியில், உள்ள ஆதார சுரத்தை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு ஒரு ஸ்தாயி மேலே இருக்கும் அதே சுரத்தை மட்டும் ஒரு ஃபிரெட் இறக்கினால் போதும். ஏ மைனரில் அது மூன்றாம் தந்தியில் இருக்கிறது. ஈ மைனரில் நான்காம் தந்தியில். டி மைனரில் இரண்டாம் தந்தியில். ‘வடிவம் மறந்துபோகிறது’ என்பவர்களுக்கு இந்த ஒரு விதியே மருந்து.

அறிகுறி: பிடித்தது சரியா தவறா என்றே தெரியவில்லை

முதலில் மீட்டுவதை நிறுத்துங்கள். ஏ வடிவத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்தாம் தந்தியிலிருந்து ஒவ்வொன்றாகச் சுண்டி, ஏ, ஈ, ஜி ஷார்ப், சி, ஈ என்று பெயர் சொல்லிக்கொண்டே வாருங்கள். பெயர் சொல்வது சடங்கு அல்ல. எந்தத் தந்தியில் பெயரும் ஒலியும் ஒத்துப்போகவில்லையோ, பிழை அந்தத் தந்தியில்தான் இருக்கிறது. சந்தேகம் வந்தால் மூன்றாம் தந்தியின் 2ஆம் ஃபிரெட்டைச் சுண்டி, அது திறந்த ஐந்தாம் தந்தியின் மேல் ஸ்தாயியாக ஒலிக்கிறதா என்று ஒப்பிடுங்கள். அது சரியென்றால், அதற்கு ஒரு ஃபிரெட் கீழே இருப்பது மேஜர் செவன்த்தாகத்தான் இருக்க முடியும்.

பிறகு ஏ மைனர், ஏ மைனர்-மேஜர் செவன்த், மீண்டும் ஏ மைனர் என்று மூன்றையும் நிதானமாக வாசியுங்கள். நடுக் கார்டில் ஏறிய இறுக்கம் மூன்றாவதில் தளர்ந்தால், அதுவும் மூன்றாம் தந்தியின் அசைவு ஒன்றினால் மட்டுமே தளர்ந்தால், உங்கள் பிடி சரி. தனியாக ஒருமுறை மீட்டிவிட்டு இந்தக் கார்டுக்குத் தீர்ப்புச் சொல்வது நியாயமே இல்லை.

அறிகுறி: சாதாரண மைனர் செவன்த் கார்டு போலவோ, மேஜர் செவன்த் கார்டு போலவோ ஒலிக்கிறது

இது பெரும்பாலும் ஏ வடிவத்தில் நேர்கிறது. ஏ மைனரிலிருந்து வருபவர் மோதிர விரலை எடுத்துவிட்டு, இரண்டாம் தந்தியில் இருக்கும் சுட்டு விரலைச் சாய்த்து மூன்றாம் தந்தியின் 1ஆம் ஃபிரெட்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். சாய்ப்பு போதாமல் போனால் மூன்றாம் தந்தி திறந்தபடி ஜி என்று ஒலிக்கும். அப்போது கையில் இருப்பது ×-0-2-0-1-0 என்னும் ஏ மைனர் செவன்த். அது கேட்க இனிமையாகவும் இருக்குமாதலால் பிழை என்றே தோன்றாது. சாய்ப்பு மிகுந்தால் எதிர்ப்பக்கம் சிக்கல்: விரலின் அடிப்பகுதி முதல் தந்தியின் மேல் படுத்துவிடும். மெல்லப் பட்டால் தந்தி ஊமையாகும், அழுத்திப் பட்டால் எஃப் ஒலிக்கும். அந்த எஃப், நான்காம் தந்தியில் ஏற்கெனவே ஒலிக்கும் ஈ-யோடு உரசி, கார்டையே கெடுத்துவிடும்.

முதல் தந்தியை மட்டும் சுண்டிப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். சுட்டு விரலின் முதல் கணு உள்ளே குழிந்து, நுனிப் பகுதி இரண்டு தந்திகளை மட்டும் மூட வேண்டும். கணு அப்படி வளையாதவர்கள் வீணாகப் போராட வேண்டியதில்லை: மோதிர விரலை நான்காம் தந்தியின் 2ஆம் ஃபிரெட்டிலும், சுட்டு விரலை மூன்றாம் தந்தியிலும், நடு விரலை இரண்டாம் தந்தியிலும் 1ஆம் ஃபிரெட்டில் தனித்தனியாக வைத்தால் சாய்க்கும் வேலையே இல்லை. இடம் நெருக்கடிதான், ஆனால் முதல் தந்தி தப்பித்துவிடும்.

மேஜர் செவன்த் போல மலர்ச்சியாக ஒலித்தால் மைனர் தேர்ட் தவறியிருக்கிறது என்று பொருள். ×-0-2-1-2-0 என்பது ஏ மேஜர் செவன்த், 0-2-1-1-0-0 என்பது ஈ மேஜர் செவன்த். இரண்டுமே நமக்கு வேண்டிய வடிவத்திலிருந்து ஒரே ஒரு ஃபிரெட் தள்ளி இருப்பவை. கோளாறு கையில் இல்லாமல் தாளில் இருக்கவும் வாய்ப்புண்டு. இந்தக் கார்டைச் சின்ன எம்முக்குப் பிறகு பெரிய எம்மும் 7-உம் போட்டு எழுதுவோர் உண்டு. சின்ன எம்முக்குப் பிறகு முக்கோணம் போடுவோர், மைனஸ் குறிக்குப் பிறகு முக்கோணம் போடுவோர் உண்டு. கையெழுத்துப் பிரதியில் இரண்டு எம்களில் ஒன்று கரைந்துபோனால் வேறு கார்டாகிவிடும். மைனர் என்பது தேர்டைப் பற்றியது, மேஜர் என்பது செவன்த்தைப் பற்றியது என்று பிரித்துப் படித்தால் குழப்பம் வராது.

அறிகுறி: எல்லாச் சுரங்களும் சரி, ஆனாலும் காதைக் குத்துகிறது

நான் இங்கே சற்று நின்று பேச விரும்புகிறேன். இந்தக் கார்டு வேண்டாம் என்று விட்டுவிடுபவர்களில் பலர் ஈ வடிவத்தை மட்டுமே முயன்றுபார்த்தவர்கள் என்பது என் எண்ணம். 0-2-1-0-0-0 என்பதையும், அதையே பார் கார்டாக (சுட்டு விரலைப் பல தந்திகளின் மேல் படுக்கவைத்துப் பிடிப்பது) நகர்த்தி ஜி-க்கு வாசிக்கும் 3-5-4-3-3-3 என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஆதார சுரம் ஆறாம் தந்தியில் மட்டுமல்லாமல் முதல் தந்தியிலும் ஒலிக்கிறது. மேஜர் செவன்த்தோ நடுவில், நான்காம் தந்தியில் இருக்கிறது.

ஜி கார்டைப் பிடித்துக்கொண்டு, ஆறாம் தந்தியையும் நான்காம் தந்தியையும் மட்டும் சேர்த்துச் சுண்டுங்கள். கீழே ஜி, மேலே எஃப் ஷார்ப், இடைவெளி 11 அரைச்சுரம். அகன்ற, ஏங்கும் ஒலி, ஆனால் தாங்கக்கூடியது. இப்போது நான்காம் தந்தியையும் முதல் தந்தியையும் மட்டும் சுண்டுங்கள். அதே இரண்டு சுரங்கள்தாம். எனினும் எஃப் ஷார்ப் கீழே, ஜி மேலே, இடைவெளி 13 அரைச்சுரம், அதாவது மைனர் நைன்த். குத்துவது இதுதான். மேஜர் செவன்த் கீழே இருக்க ஆதார சுரம் அதற்கு மேலே ஒலித்தால் காது அதை விரிவாகக் கேட்பதில்லை, மோதலாகக் கேட்கிறது.

ஏ வடிவத்தில் ஜி ஷார்ப்புக்கு மேலே ஏ இல்லை. டி வடிவத்தில் சி ஷார்ப்புக்கு மேலே டி இல்லை. ஐந்தாம் தந்தியில் ஆதாரம் கொண்ட பார் வடிவத்திலும், சி-க்கு ×-3-5-4-4-3 என்பதில், அந்த மோதல் இல்லை. ஆகவே முதலில் இந்த வடிவங்களில் காதைப் பழக்கிவிட்டு ஈ வடிவத்துக்கு வருவது நல்லது. ஈ வடிவம்தான் வேண்டும் என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முதல் தந்தியை வாசிக்காமல் விட்டுவிடுவது. மற்றொன்று, அங்கே ஆதார சுரத்துக்குப் பதிலாக அதற்கு 2 அரைச்சுரம் மேலே இருக்கும் நைன்த்தை வைப்பது: ஈ-க்கு 0-2-1-0-0-2 என்று முதல் தந்தியின் 2ஆம் ஃபிரெட்டில் சுண்டு விரலை வைத்து எஃப் ஷார்ப்பை ஒலிக்கவிட்டால், அது மைனர்-மேஜர் நைன்த் ஆகிறது, உரசல் போய்விடுகிறது, மர்மம் மட்டும் மிஞ்சுகிறது. எனக்குக் கேட்டால், திறந்த தந்தி வடிவங்களில் இதைவிட அழகானது இல்லை.

அறிகுறி: பார் வடிவத்தில் கார்டு உள்ளீடற்று, சோகமும் இல்லாமல் மகிழ்ச்சியும் இல்லாமல் ஒலிக்கிறது

3-5-4-3-3-3 என்பதில் ஜி, டி, எஃப் ஷார்ப், பி பிளாட், டி, ஜி என்று சுரங்கள் வரிசையாக வருகின்றன. ஆதாரமும் ஃபிஃப்த்தும் இரண்டிரண்டு முறை வருகின்றன. கார்டுக்கு அடையாளம் தரும் பி பிளாட்டும் எஃப் ஷார்ப்பும் ஒவ்வொரு முறைதான். அந்த ஒற்றைப் பி பிளாட்டைத் தாங்குவது மூன்றாம் தந்தியின் மேல் படுத்திருக்கும் சுட்டு விரல். பலருடைய கையில் அந்த விரலின் கணு மடிப்பு சரியாக மூன்றாம் தந்திக்கு மேல் வந்து விழுகிறது. மடிப்பின் பள்ளத்தில் தந்தி புதைந்துவிட்டால் ஒலி எழும்பாது. மைனர் தேர்டே இல்லாத கார்டுதான் கேட்கும்.

மேலும் பலம் கொடுத்து அழுத்துவது இதற்கு மருந்தல்ல. சுட்டு விரலைச் சில மில்லிமீட்டர் மேலேயோ கீழேயோ நகர்த்தி மடிப்பைத் தந்திகளுக்கு இடையில் விழச் செய்யுங்கள். பிறகு விரலைக் கட்டைவிரல் பக்கமாகச் சற்று உருட்டி, சதையைவிட எலும்பு அதிகம் உள்ள ஓரத்தால் அழுத்துங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மூன்றாம் தந்தியை மட்டும் சுண்டிப் பாருங்கள். இதே வடிவம் 5ஆம் ஃபிரெட்டுக்கு மேல் நன்றாக ஒலித்து, 1ஆம் ஃபிரெட்டில் எஃப்-க்கு 1-3-2-1-1-1 என்று பிடிக்கும்போது மட்டும் அடம்பிடித்தால், நட்டின் (கழுத்தின் தலைமுனையில் தந்திகள் அமரும் பட்டை) பள்ளங்கள் உயரமாக இருக்கக்கூடும். அது கிட்டாரைச் சரிசெய்பவர் பார்க்க வேண்டிய வேலை.

கை இன்னும் பழகவில்லை என்றால் முழுப் பாரையும் கட்டி அழ வேண்டாம். 3-×-4-3-×-× என்று மூன்று தந்திகளில் வாசித்தாலே ஆதாரம், செவன்த், தேர்ட் மூன்றும் வந்துவிடுகின்றன. சுட்டு விரல் நுனி ஆறாம் தந்தியை அழுத்தியபடி ஐந்தாம் தந்தியைத் தொட்டு ஊமையாக்கட்டும். நடு விரல் மூன்றாம் தந்தியிலும் மோதிர விரல் நான்காம் தந்தியிலும் இருக்கட்டும். விடுபடுவது ஃபிஃப்த் மட்டுமே, அதை யாரும் தேடமாட்டார்கள்.

அறிகுறி: ட்யூனர் சரி என்கிறது, கார்டு மட்டும் அலை அலையாக அதிர்கிறது

ஏ வடிவத்தின் மேல் நான்கு தந்திகளைக் கவனியுங்கள்: ஈ, ஜி ஷார்ப், சி, மேல் ஈ. ஒரு ஸ்தாயி மூன்று சம பங்குகளாக, ஒவ்வொன்றும் 4 அரைச்சுரமாகப் பிரிந்து நிற்கிறது. அரைச்சுரத்துக்கு 100 சென்ட் என்னும் சம சுருதி முறையில் ஒவ்வொரு பங்கும் 400 சென்ட். இயற்கையான மேஜர் தேர்டோ ஏறத்தாழ 386 சென்ட்தான். அப்படி மூன்றை அடுக்கினால் ஸ்தாயி நிறைவதற்கு ஏறத்தாழ 41 சென்ட் குறையும். எனவே மூன்றையும் ஒரே நேரத்தில் தூய்மையாக்குவது எந்தச் சுருதிப் பெட்டியாலும் இயலாது. கொஞ்சம் அதிர்வு இந்தக் கார்டோடு கூடப் பிறந்தது.

அளவுக்கு மிஞ்சி அதிர்ந்தால் வேறு காரணம் தேட வேண்டும். திறந்த ஈ மேஜர் கார்டு இனிமையாக வர வேண்டும் என்று காதால் கேட்டு மூன்றாம் தந்தியைச் சற்றே தளர்த்திவைக்கும் பழக்கம் உண்டு. அந்த 14 சென்ட் தளர்வு ஈ மேஜருக்கு நல்லதுதான். ஆனால் ஈ மைனர்-மேஜர் செவன்த்தில் அதே தந்தி திறந்த ஜி-யாக, மைனர் தேர்டாக ஒலிக்க வேண்டும். இயற்கையான மைனர் தேர்ட் 316 சென்ட். சம சுருதியில் அது 300. தளர்த்திய தந்தியில் 286. இனிமையிலிருந்து 30 சென்ட் விலகிய சுரம் உறுத்தாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியாக ட்யூனரில் சேர்த்துவிட்டு, பிறகு எந்தக் கார்டுக்காகவும் திருகியைத் தொடாதீர்கள். நட்டுக்கு அருகில் 1ஆம் ஃபிரெட்டில் அழுத்தம் கூடினால் சுரம் ஏறிவிடும் என்பதையும் கவனியுங்கள். கார்டைப் பிடித்த நிலையிலேயே மூன்றாம் தந்தியின் ஜி ஷார்ப்பை ட்யூனரில் பார்த்தால் விரல் எவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறது என்பது தெரியும்.

அறிகுறி: எலக்ட்ரிக் கிட்டாரில் டிஸ்டார்ஷன் போட்டால் கலங்கிப்போகிறது

ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன், ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும் புதிய ஒலிகளை உண்டாக்குகிறது. திறந்த ஐந்தாம் தந்தி 110 ஹெர்ட்ஸ். மூன்றாம் தந்தியின் ஜி ஷார்ப் ஏறத்தாழ 207.7 ஹெர்ட்ஸ். வித்தியாசம் 97.7, அது ஏறக்குறைய 98 ஹெர்ட்ஸ் ஆகிய ஜி. யாரும் வாசிக்காத மைனர் செவன்த் ஒன்று அடியில் முளைத்து, நாம் வாசிக்கும் மேஜர் செவன்த்தோடு சண்டை போடுகிறது. சிதைவின் அளவைக் கூட்டும் கெயினைக் குறையுங்கள், அல்லது ஆதார சுரத்தை பேஸ் கிட்டாருக்கு விட்டுக்கொடுத்து, ஜி ஷார்ப்பையும் சி-யையும் மட்டும் வாசியுங்கள். அவற்றின் வித்தியாசம் 54 ஹெர்ட்ஸ் அளவில், 55 ஹெர்ட்ஸ் ஆகிய ஏ-க்கு அருகிலேயே விழுவதால், கலக்கம் குறைந்து ஆதாரம் தானாகவே தோன்றும்.

அறிகுறி: கார்டு வருகிறது, மாற்றம் வரவில்லை

ஏ வடிவத்தில் பழகாமல் டி வடிவத்தில் பழகுங்கள். டி மைனர் ×-×-0-2-3-1. மைனர்-மேஜர் செவன்த் ×-×-0-2-2-1. மைனர் செவன்த் ×-×-0-2-1-1. மைனர் சிக்ஸ்த் ×-×-0-2-0-1. இரண்டாம் தந்தியில் மட்டும் டி, சி ஷார்ப், சி, பி என்று படி இறங்குகிறது, மற்ற மூன்று தந்திகளும் அசைவதில்லை. நடு விரல் தொடக்கம் முதல் இறுதிவரை மூன்றாம் தந்தியை விட்டு எழக்கூடாது, அதுவே நங்கூரம்.

தடங்கல் பெரும்பாலும் முதல் மாற்றத்தில்தான். மோதிர விரல் 3ஆம் ஃபிரெட்டிலிருந்து 2ஆம் ஃபிரெட்டுக்கு வரும்போது அங்கே ஏற்கெனவே இருக்கும் நடு விரலை இடித்துப் பின்னே தள்ளிவிடுகிறது. தள்ளப்பட்ட நடு விரல் ஃபிரெட் கம்பியிலிருந்து விலகுவதால் மூன்றாம் தந்தி கரகரக்கிறது. குற்றவாளி மோதிர விரல், ஒலி கெடுவதோ நடு விரலில். ஆகவே பலர் தவறான விரலைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். டி மைனரைப் பிடிக்கும்போதே மோதிர விரலைச் செங்குத்தாக நுனியில் நிறுத்தி, பின்னோக்கி வழுக்காமல் எழுப்பி வைத்தால் இடிப்பது நிற்கும். விரல்கள் மிகத் தடிமனாக இருந்தால் கையை மேலே கொண்டுபோய் ஈ-க்கு ×-×-2-4-4-3 என்றோ, ஏ-க்கு ×-×-7-9-9-8 என்றோ இதே வடிவத்தை வாசிக்கலாம். அங்கே திறந்த தந்திக்குப் பதில் சுட்டு விரல் ஆதாரத்தைப் பிடிக்கிறது, முதல் தந்திக்கு நடு விரல், மற்ற இரண்டுக்கும் மோதிர விரலும் சுண்டு விரலும்.

அறிகுறி: தனியாக நன்றாக இருக்கிறது, பாட்டில் சேரவில்லை

வைத்த இடம் தவறாக இருக்கலாம். மைனர் கார்டு கண்ட இடமெல்லாம் இதை வைக்க முடியாது. சி மேஜரில் வரும் டி மைனர் செவன்த்தை மைனர்-மேஜர் செவன்த்தாக மாற்றினால், அந்த ஸ்கேலில் இல்லாத சி ஷார்ப் உள்ளே நுழைந்து ஆதாரமான சி-யோடு மோதும். மாறாக, அதே சி மேஜரில் எஃப் மேஜர் எஃப் மைனராக மாறும் இடத்தில் எஃப் மைனர்-மேஜர் செவன்த் இயல்பாகப் பொருந்தும்; அதன் மேஜர் செவன்த் ஈ, சி மேஜருக்குச் சொந்தமான சுரம்தான். மைனர் ஸ்கேலில் அமைந்த பாட்டில் ஆதாரக் கார்டு நீண்ட நேரம் நிற்கும் இடங்களும், மேலே டி வடிவத்தில் பார்த்த படிப்படியான இறக்கமும் இதற்கு உகந்தவை. ஈ செவன்த்துக்குப் பிறகு ஏ மைனருக்குப் பதிலாக இதை வாசித்தால் ஜி ஷார்ப் ஏ-க்கு ஏறாமல் அங்கேயே நின்றுவிடும் என்பதால், முடிவு முடிவாகத் தோன்றாது. அந்த ஏக்கம் வேண்டுமா என்பதைப் பாட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இடமும் சரியென்றால் மெட்டைப் பாருங்கள். பாடுபவர் அந்த நேரத்தில் ஆதார சுரத்தில் நின்றால், ஈ வடிவத்தில் முதல் தந்தி செய்த அதே மோதலை இப்போது குரல் செய்கிறது. கார்டை மீட்டியபடி ஆதார சுரத்தை நீங்களே நீட்டிப் பாடிப் பார்த்தால் உடனே தெரியும். அந்த இடங்களில் மட்டும் டி-க்கு ×-×-0-2-0-1, ஏ-க்கு ×-0-2-2-1-2 என்று மைனர் சிக்ஸ்த்துக்கு மாறிக்கொள்ளுங்கள்; பாடகர் தேர்டுக்கோ ஃபிஃப்த்துக்கோ நகர்ந்ததும் மைனர்-மேஜர் செவன்த்துக்குத் திரும்பலாம்.